ஐந்துக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே

"ஐந்துக்கு மேலே ஏதும் இருக்கிறதா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

இல்லை என்றேன்.

"ஒன்றுக்குக் கீழே?"

அதுவும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, "அப்படியென்றால் உங்களிடம் இருப்பதில் எது சரியோ அதைப் போடுங்கள், எனக்குத் தெரியவில்லை" என்றார். நான் ஐந்தைச் சுற்றி வட்டம் கீறினேன்.

1997 ஜனவரி. தொலைபேசியில் ஆட்களுக்குப் பாட்டுத் துண்டைப் போட்டு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எண் கேட்டு எழுதுவது என் வேலை. அந்தப் பாட்டு, அமெரிக்காவின் நோ டவுட் குழுவின் 'டோன்ட் ஸ்பீக்'. அந்த வட்டம் சரியா பிழையா என்று அன்றிரவு பேருந்து நிறுத்தத்தில் பக்கத்து மேசை அக்காவோடு தொடங்கிய வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. அக்காவுக்கு இப்போது பேரப்பிள்ளைகள். எனக்குத் தலை நரைத்துவிட்டது. எங்காவது கலியாண மண்டபத்தில் கண்டால் சுகம் விசாரித்த கையோடு, "என்ன தம்பி, இப்பவும் அஞ்சுதானோ?" என்பார். அஞ்சுதான் என்பேன். ஆனால் அப்படிச் சொல்வதற்கு நான் வைத்திருக்கும் காரணங்கள் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அதுதான் என்னை உறுத்துகிறது. சரியான முடிவு என்றால் ஒரே காரணம் போதாதா?

ரொறொன்ரோவில் எங்கள் ஆட்களுக்குத் தொலைபேசிக் கருத்துக்கணிப்பு புதிய வேலையில்லை. உணவகத்தில் கோப்பை கழுவாமல், தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகாமல், ஓரளவு ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு பிழைக்கலாம் என்றவர்கள் போய்ச் சேர்ந்த இடம் அது. சவர்க்காரம், வங்கி, தேர்தல் எதைப் பற்றியும் கேட்போம். பாட்டுக்கு மட்டும் தனி அறை. எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள அமெரிக்க வானொலி நிலையங்கள் காசு கொடுத்துச் செய்விப்பவை அவை. மாலையில் சாப்பாடு முடிந்திருக்கும் நேரமாகப் பார்த்து அழைப்போம். எந்த நிலையத்தை அதிகம் கேட்கிறீர்கள், என்ன வயது என்று இரண்டொரு கேள்வி. நிலையத்துக்குத் தேவையான ஆள்தான் என்று தெரிந்தால் தொலைபேசியோடு இணைத்திருந்த கசெட்டை ஓடவிடுவோம். ஒவ்வொரு பாட்டிலும் ஏழெட்டு விநாடிதான், கேட்டவுடன் ஆட்கள் பிடித்துக்கொள்ளக்கூடிய இடமாக. பெரும்பாலும் அது பல்லவியாக இருக்கும். அந்தத் துண்டை ஹூக் என்போம். ஒரு அழைப்பில் இருபத்தைந்து, முப்பது ஹூக். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள். இந்தப் பாட்டைத் தெரியுமா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எத்தனை கொடுப்பீர்கள்? கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதா?

மூன்றாவது கேள்விக்குத்தான் நிலையங்கள் காசு கொடுக்கின்றன என்று மேற்பார்வையாளர் சொல்வார். அதில் நியாயம் இருந்தது. மிகவும் பிடித்த பாட்டு என்று ஐந்து கொடுத்த அதே ஆள், மூச்சு விடாமல், ஆனால் அலுத்துவிட்டது என்பார். அலுத்தவர்களின் தொகை ஏறத் தொடங்கினால் நிலையம் அந்தப் பாட்டை ஒரு நாளைக்குப் போடும் தடவையைக் குறைக்கும். ஏனென்றால் அலுத்த ஆள் குமிழைத் திருப்பி வேறு நிலையத்துக்குப் போய்விடுவார். விளம்பரத்தில் வாழ்கிற நிலையத்துக்கு அதைவிடப் பெரிய பயம் கிடையாது.

'டோன்ட் ஸ்பீக்' என்று வரும்போது இந்தத் தாள்களின் கனம் இன்னும் கூடியது. அமெரிக்காவில் அந்தப் பாட்டைத் தனியாகக் கடையில் வாங்க முடியாது. இசை நிறுவனம் அதைத் தனிப்பாட்டாக விற்பனைக்கு விடவில்லை. வேண்டுமென்றால் 'ட்ராஜிக் கிங்டம்' அல்பம் முழுவதையும் வாங்க வேண்டும். சில டொலருக்குத் தனிப்பாட்டைக் கொடுத்தால் அல்பம் விற்காது என்று நிறுவனங்கள் கணக்குப் போட்ட காலம் அது. அந்தக் கணக்கு பலித்தது. 1995 ஒக்ரோபரில் வந்த அல்பம் 1996 டிசம்பரில், ஒரு வருடத்துக்கு மேல் கழிந்து, அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் அல்பப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. ஆனால் பாட்டுகளுக்கான முதன்மைப் பட்டியலான ஹொட் 100இல் 'டோன்ட் ஸ்பீக்' கடைசி இடத்தில்கூட இல்லை. தனிப்பாட்டாகக் கடைக்கு வராத எதையும் அதில் சேர்ப்பதில்லை என்பது அன்றைய விதி. அந்த நாட்களில் அங்கே முதலிடத்தில் இருந்தது டோனி ப்ராக்ஸ்டனின் 'அன்-பிரேக் மை ஹார்ட்'. 11 வாரம் இருந்தது. வானொலி ஒலிபரப்பை மட்டும் கணக்கெடுத்த ஏர்ப்ளே பட்டியலில்தான் நோ டவுட் முதலிடம் பிடித்தது. அங்கே 16 வாரம். 1998இல் கூ கூ டோல்ஸின் 'ஐரிஸ்' 18 வாரம் நின்று அதைத் தாண்டியது. கடையில் கிடைக்காத பாட்டையும் ஹொட் 100இல் சேர்க்கலாம் என்று அந்த வருட டிசம்பரில் பில்போர்ட் விதியை மாற்றியது. பிரிட்டனில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அங்கே தனிப்பாட்டாகவே வந்து 1997 பெப்ரவரியில் முதலிடம் பிடித்து மூன்று வாரம் இருந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிக்கிறேன் என்றால், அந்த 16 வாரத்தை யாரும் கடையில் காசு கொடுத்து உண்டாக்கவில்லை. எந்தப் பாட்டு எந்த நிலையத்தில் எத்தனை தடவை ஒலிக்கிறது என்று கணினி ஒட்டுக்கேட்டு எண்ணியது. அந்த நேரத்தில் எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற கணக்கைக் கொண்டு அதற்குக் கனம் போட்டார்கள். ஆகவே பட்டியல் எண்ணியது நிலையங்களின் முடிவுகளைத்தான். இன்றைக்கு எத்தனை தடவை போடலாம் என்று ஒருவர் ஒரு மேசையில் இருந்து முடிவெடுக்கிறார். அவர் மேசையில் பல தாள்கள் கிடக்கும். அவற்றில் ஒன்று எங்களுடையது.

அந்த அழைப்பு எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பஃபலோ நகரத்துக்கு. பெண், இருபத்தைந்துக்கு மேல், முப்பத்தைந்துக்குக் கீழ். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. முதல் ஐந்தாறு பாட்டுக்கும் மளமளவென்று எண்கள் சொன்னார். குரலில் நல்ல தெளிவு. இப்படியான ஆள் கிடைத்தால் எங்களுக்குச் சந்தோஷம், நேரத்தோடு முடித்துவிடலாம். பிறகு 'டோன்ட் ஸ்பீக்' ஹூக் போனது.

தெரியுமா என்றேன். தெரியும் என்றார். எத்தனை கொடுப்பீர்கள் என்றேன். பதில் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். விதிப்படி, ஒன்று என்றால் சுத்தமாகப் பிடிக்காது, ஐந்து என்றால் மிகவும் பிடிக்கும் என்று இன்னொரு தடவை வாசித்தேன். "இதை நான் கேட்பதில்லை" என்றார். "வந்தால் நிற்பாட்டிவிடுவேன்." நான் எண்ணுக்காகக் காத்திருந்தேன். அப்போதுதான் ஐந்துக்கு மேலே என்ன, ஒன்றுக்குக் கீழே என்ன என்று கேட்டார். அதில் கோபமும் கிண்டலும் இல்லை. கடையில் தன் அளவுக்குச் சட்டை இருக்கிறதா என்று விசாரிக்கிற குரல்.

வட்டம் கீறிவிட்டு மூன்றாவது கேள்விக்குப் போனேன். அலுத்துவிட்டதா?

"இல்லை" என்றார் உடனே. "அலுத்திருந்தால் நல்லது."

பிறகு அவர்தான் என்னைக் கேட்டார். நான் சொல்வதை வைத்து இந்தப் பாட்டை எடுத்துவிடுவார்களா என்று. இதற்கு நாங்கள் பதில் சொல்லக் கூடாது. உங்கள் கருத்து நிலையத்துக்கு முக்கியமானது என்று மட்டும் வாசிக்கலாம். அதை வாசித்தேன். "எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார். எழுதிக்கொள்கிறேன் என்றேன். எழுதுவதற்குத் தாளில் இடம் இல்லை.

அடுத்த ஹூக்கை ஓடவிட்டேன். பழையபடி மளமளவென்று எண்கள் வந்தன. கடைசிக்குக் கிட்ட டோனி ப்ராக்ஸ்டனின் பாட்டு வந்தது. அதுவும் பிரிவுப் பாட்டுத்தான், கெஞ்சி அழுகிற பாட்டு. "இரண்டு. அலுத்துவிட்டது" என்றார், ஒரு மூச்சில். நன்றி சொல்லி வைத்துவிட்டோம்.

அக்கா என் பதில்களை ஒட்டுக்கேட்கவில்லை. நான்தான் பேருந்துக்கு நிற்கும்போது சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வேலையில் என்னைப் பழக்கியவரே அவர்தான். ஒரு தாளிலும் பிழை வராது.

"நீர் அவ சொன்னதைப் போடேல்லை" என்றார். "உமக்கு விளங்கினதைப் போட்டிருக்கிறீர்."

"அவ ஒரு நம்பரும் சொல்லேல்லையே அக்கா."

"சொன்னவதானே, வந்தால் நிப்பாட்டுவன் எண்டு. நிப்பாட்டுற பாட்டுக்கு ஆர் அஞ்சு குடுக்கிறது?"

"எடுக்க வேண்டாம் எண்டும் சொன்னவ."

"அது கேள்வியிலை இல்லை."

இந்த இடத்தில் நான் எப்போதும் தடுமாறுவேன். உண்மையில் அது கேள்வியில் இல்லை. ஆட்கள் சொல்வதில் கேள்விக்குரியதை மட்டும் எடுப்பதுதான் எங்கள் தொழில். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பார்கள், புருஷனுக்கு வேலை போய்விட்டது என்பார்கள், எல்லாவற்றுக்கும் ம் கொட்டிவிட்டு எண்ணை மட்டும் எழுதுவோம். அப்படிச் செய்யாவிட்டால் கணிப்பே இல்லை. ஒருவர் கண்ணீரைப் பார்த்து ஐந்தும், இன்னொருவர் சிரிப்பைப் பார்த்து நாலும் போடத் தொடங்கினால் அந்தத் தாள் எங்களைப் பற்றித்தான் சொல்லும், கேட்டவர்களைப் பற்றியல்ல. அக்கா சொன்னதன் சாரம் இதுதான். நான் அதை இன்றைக்கும் மறுக்கவில்லை.

ஆனாலும் ஏதாவது ஒன்றில் வட்டம் கீறத்தானே வேண்டும்? முடிவெடுக்க முடியாதபோது மூன்றைப் போடலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. மூன்று என்றால் பரவாயில்லை, வந்தால் கேட்பேன் என்று பொருள். அந்தப் பெண் சொன்னதில் கொஞ்சமும் இல்லாத ஒன்று இருந்ததென்றால் அந்தப் பரவாயில்லைதான். ஒன்று போட்டிருந்தால், பிடிக்காது என்று ஆகும். பிடிக்காத பாட்டை எடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. மிஞ்சியது ஐந்து. இப்படித்தான் முதல் சில வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கழித்துக் கழித்து வந்த விடை என்று. ஆனால் அன்று அந்த மேசையில் நான் எதையும் கழித்துப் பார்க்கவில்லை. கை நேரே ஐந்துக்குப் போனது.

அந்தக் கை ஏன் நேரே போனது? எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அப்போது அந்தக் குழுவைப் பற்றி எங்கே எது வந்தாலும் தேடி வாசிப்பேன். கலிபோர்னியாவின் அனஹைமில் ஸ்கா துள்ளலிசை வாசித்துத் திரிந்த பிள்ளைகள் அவர்கள். பாடகி க்வென் ஸ்டெஃபானி. பேஸ் கிட்டார் டோனி கனால், லண்டனில் பிறந்து கலிபோர்னியாவுக்குக் குடிவந்தவர், தாய் தகப்பன் இந்தியர். இருவரும் ஏழு வருடம் காதலர்களாக இருந்து பிரிந்தார்கள். பிரிவைக் கேட்டது டோனி. க்வென் தொலைக்காட்சியில் பொட்டு வைத்துக்கொண்டு பாடுவதைக் கண்டு எங்கள் வீட்டில் எல்லோரும் வியந்தார்கள். அந்தப் பொட்டு டோனியின் தாயார் வழியாக வந்த பழக்கம். காதல் முறிந்த பிறகும் அந்த வீட்டிலிருந்து பழகிய பொட்டை அவர் நெற்றியிலிருந்து எடுக்கவில்லை. இந்தச் செய்தி எனக்குள் அப்போது நிறைய வேலை செய்தது.

பாட்டு முதலில் பிரிவுப் பாட்டே இல்லை. க்வெனும் அவருடைய அண்ணன் எரிக்கும் சேர்ந்து எழுதிய காதல் பாட்டு. பிரிவு வந்த பிறகு வரிகளை மாற்றி எழுதினார்கள். எரிக் அல்பம் வெளிவரும் முன்பே குழுவை விட்டு 'த சிம்ப்சன்ஸ்' கேலிச்சித்திரத் தொடருக்கு வரையப் போய்விட்டார். நடுவில் வரும் நைலோன் தந்திக் கிட்டார் குழுவின் கிட்டார்காரர் டொம் டுமோன்ட் வாசித்தது. குழுவின் மற்றப் பாட்டுகளில் இருக்கிற துள்ளலும் ஹோர்ன் வாத்தியங்களின் அமளியும் அங்கே கிடையாது. ஆனால் அந்தப் பாட்டில் எனக்குப் பெரிதாகப் பட்டது பேஸ்தான். யாரைப் பார்த்து அந்தப் பெண், ஒன்றும் சொல்லாதே, நீ சொல்ல வருவது எனக்குத் தெரியும் என்று பாடுகிறாளோ, அவனே பக்கத்தில் நின்று அந்தப் பாட்டைத் தாங்கிப் பிடிக்கிறான். பதிவுக் கூடத்தில் ஒரு முறை என்றால் சரி. பாட்டு வென்றதால் 1997 முழுவதும் ஊர் ஊராக, மேடை மேடையாக. செவ்வி எடுக்க வந்தவர்களும் இருவரையும் பக்கத்தில் இருத்தி அந்தப் பிரிவைப் பற்றியே கேட்டார்கள். பாட்டு தோற்றிருந்தால் அவர்களுக்கு அந்தக் காயம் கொஞ்சம் கெதியாக ஆறியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் 16 வாரம் அவர்களுக்குப் பணமும் பெயரும் கொடுத்தது. அதே வாரங்கள் அவர்களைக் காயத்தைத் தள்ளி வைக்கவும் விடவில்லை.

சோஃபி முல்லர் இயக்கிய காணொளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் இரண்டு பிரிவுகள் ஒன்றாக நடக்கின்றன. மரத்திலிருந்து அழுகிய தோடம்பழத்தை டோனி பறிப்பதோடு தொடங்கும். பிறகு படப்பிடிப்பாளர்கள் க்வெனை மட்டும் சூழ்ந்துகொள்வார்கள், மற்ற மூவரும் ஓரமாக நிற்பார்கள். அதுவும் நடிப்பில்லை. பத்திரிகைகள் அட்டைக்குப் பாடகியை மட்டும் கேட்டதால் குழுவே உடையப் பார்த்த நேரத்தில் எடுத்தது அது. 1997இல் எம்டிவியின் சிறந்த குழுக் காணொளி விருது அதற்குக் கிடைத்தது. உடையப்போகிற குழுவுக்குச் சிறந்த குழு என்று விருது. எனக்கு அதில் சந்தோஷப்படுவதா கவலைப்படுவதா என்று தெரியவில்லை.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டிருந்தவன் கையில்தான் அன்றைக்குப் பேனை இருந்தது. பஃபலோ பெண்ணின் மௌனத்தில் நான் கேட்டது அவரையா, இந்தக் கதையையா? அவருக்கும் ஒரு பிரிவு என்று எனக்கு யார் சொன்னது? செத்துப்போன தங்கைக்குப் பிடித்த பாட்டாக இருக்கலாம். விபத்து நடந்தபோது காரில் ஒலித்த பாட்டாக இருக்கலாம். பிரிவுப் பாட்டு என்பதால் பிரிவு என்று நான் முடிவு கட்டினேன். ஆனால் அதே அழைப்பில் இன்னொரு பிரிவுப் பாட்டுக்கு அவர் இரண்டு கொடுத்து, அலுத்துவிட்டது என்று கடந்து போனாரே. அதை நினைக்கும்போது, அவருக்குப் பட்டது பாட்டின் பொருள் இல்லை, வேறு ஏதோ என்றுதான் தோன்றுகிறது. அந்த ஏழெட்டு விநாடியில் என்ன இருந்ததோ.

கணக்கைச் சொல்லியும் என்னைத் தேற்றிக்கொள்வதுண்டு. ஒரு நகரத்துக்கு நூறு பேர் என்று வைத்தால், ஐந்துக்குப் பதில் ஒன்று போட்டிருந்தாலும் சராசரி 0.04தான் குறைந்திருக்கும். எந்த நிலையமும் அதற்காக ஒரு பாட்டை எடுக்காது, கூட்டாது. என் வட்டம் ஒன்றையும் அசைக்கவில்லை. இது நல்ல வாதம்தான், ஆனால் எனக்கு ஆறுதல் தருவதில்லை. அந்த அறையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் இப்படியான அழைப்புகள் வந்திருக்கும். பெருமூச்சு விட்டவர்கள், ஐயோ அதுவா என்றவர்கள், சிரித்தவர்கள். ஒவ்வொருவரும் அவரவர் விளங்கியபடி ஒரு எண்ணைப் போட்டிருப்போம். அந்த எண்களைக் கூட்டிப் பிரித்துத்தான் அமெரிக்காவுக்கு இந்தப் பாட்டு பிடித்திருக்கிறது என்று சொன்னார்கள். பிடித்திருந்தது என்பது உண்மை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அல்பத்துக்கு அமெரிக்காவில் மட்டுமே ஒரு கோடிப் பிரதிக்கான டயமண்ட் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் பிடித்தவர்களுக்குள் எத்தனை பேர் அந்தப் பெண்ணைப் போல, வந்தால் நிற்பாட்டிவிட்டு, ஆனாலும் எங்காவது அது ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று விரும்பியவர்கள்? அவர்களை எந்தப் பட்டியலும் எண்ணியதில்லை. ஒரு பிரிவுப் பாட்டு அவ்வளவு காலம் முதலிடத்தில் நிற்பதற்கு அவர்களும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். நிரூபிக்க என்னிடம் ஒரே ஒரு படிவம்தான் இருந்தது, அதுவும் எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும்.

அக்காவிடம் ஊரிலிருந்து கொண்டுவந்த கசெட் ஒன்று இருந்தது. போடுவதில்லை. வீடு மாறும்போதெல்லாம் கையோடு கொண்டுபோவார். அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எங்கள் வாக்குவாதத்தில் அதை ஒரு நாளும் இழுத்ததில்லை. இழுத்தால் நான் வென்றிருப்பேனா என்றும் நிச்சயமில்லை. ஒரு முறை, சூடாகப் பேசிக்கொண்டிருந்தபோது, அவரே சொன்னார்: "கேக்கேலாத ஒண்டை நாள் முழுக்க ஊரே போட்டுக்கொண்டிருந்தால் எப்பிடி இருக்கும் எண்டு உமக்குத் தெரியாது தம்பி. கடைக்குப் போனாலும் அது, பஸ்சிலையும் அது. அவ எடுக்க வேண்டாம் எண்டு சொன்னது மரியாதைக்கு. ஒண்டு போட்டிருந்தால் அவவுக்கு உதவி." அதன் பிறகு பல மாதம் நான் ஐந்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. பரிவினால் போட்டேன் என்று நினைத்திருந்தேன். உண்மையான பரிவு அக்காவின் பக்கம்தான் இருந்ததோ என்று அப்போது பட்டது.

பிறகு மறுபடியும் மாறினேன். மரியாதைக்குச் சொல்கிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை. "எடுத்துவிடுவார்களா?" என்று முதலில் கேட்டார், பிறகுதான் வேண்டாம் என்றார். முதல் கேள்வியில் ஒரு பதற்றம் இருந்தது. நான் காதால் கேட்டேன். அக்கா கேட்கவில்லை. இதைச் சொன்னால் அக்கா, "காதாலை கேட்டதைத்தான் தம்பி நம்பேலாது, அதுக்குத்தானே நம்பர்" என்பார்.

போன கோடையில் ரொறொன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரத்தில் ஒரு விழாவில் கண்டோம். அக்காவின் பேத்தி பாட்டுச் செயலி நடத்தும் ஒரு இடத்தில் வேலை. எங்கள் பழைய வேலையைச் சொன்னபோது ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். இப்போது யாரையும் கூப்பிட்டுக் கேட்கத் தேவையில்லை என்றாள். எந்த விநாடியில் நிற்பாட்டினார்கள், எதைத் தள்ளிவிட்டார்கள் என்று எல்லாம் தானாகவே பதிவாகிறது. ஸ்பொட்டிஃபையில் முப்பது விநாடி கேட்டால்தான் ஒரு தடவை என்று கணக்கு. அக்கா என்னைப் பார்த்தார். "பாத்தீரே, மெசினும் என்ர பக்கம்." அந்தக் கணக்குப்படி பஃபலோ பெண் பாட்டைக் கேட்கவே இல்லை. தொடக்கத்திலேயே தள்ளிவிட்டவர்களில் ஒருவர், அவ்வளவுதான். அவர் நிற்பாட்டியது மெசினுக்குத் தெரியும், எடுக்க வேண்டாம் என்று சொன்னது தெரியாதே என்றேன். "உம்மடை தாளுக்கும் தெரியாதுதானே" என்றார் அக்கா. அதுவும் உண்மைதான்.

2024 ஏப்ரலில் கலிபோர்னியாவின் கோச்செல்லா இசை விழா மேடையில் நோ டவுட் நால்வரும் மறுபடி ஒன்றாக நின்றார்கள். க்வென் அங்கே, டோனி அங்கே, இருவருக்கும் வேறு வேறு குடும்பங்கள், வேறு வேறு வாழ்க்கைகள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர்களை அழைத்து அந்த ஹூக்கைப் போட்டு எண் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். இரண்டாவது கேள்விக்கு என்ன சொல்வார்கள் என்று ஊகிக்க முடியவில்லை. மூன்றாவதற்கும் முடியவில்லை. அங்கேதான் எனக்கு ஒன்று தட்டியது. நானும் அக்காவும் இத்தனை வருடமும் இரண்டாவது கேள்விக்காகவே சண்டை பிடித்திருக்கிறோம், ஐந்தா ஒன்றா என்று. நிலையம் காசு கொடுத்தது மூன்றாவது கேள்விக்கு. வந்தால் நிற்பாட்டுகிறவர் எத்தனை பேர் என்று அறியத்தான் அந்தக் கேள்வியே இருந்தது. அதற்கு அவர் இல்லை என்றார், நானும் யோசிக்காமல் இல்லை என்பதில் வட்டம் கீறினேன். ஆனால் அவர் நிற்பாட்டுகிற ஆள். அலுக்காமலே நிற்பாட்டுகிற ஆள். அவர் சொன்ன இல்லை அப்படியே போகத்தான் வேண்டுமா, அல்லது நிலையம் அறிய விரும்பியதைப் பார்த்து ஆம் என்று போட்டிருக்க வேண்டுமா? அடுத்த முறை காணும்போது அக்காவிடம் இதைக் கேட்க வேண்டும். ஐந்தைப் பற்றி அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இதற்கு என்ன சொல்வார் என்று தெரியவில்லை.